வானிலிருந்து வந்த வெள்ளம்

தங்கச்சிமடத்துப் பெரியவர்களிடம் வெள்ளம் என்று சொன்னால், அவர்கள் நினைவு 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவுக்கே செல்லும். அன்று வீசிய புயலில் கடல் எழுந்து தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலும் அதில் மூழ்கியது. அதுமுதல் இத்தீவில் நாம் கடலுக்கும் காற்றுக்குமே அஞ்சப் பழகினோம். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்று கேட்டறிவதே நமக்கு எச்சரிக்கை.

2024 நவம்பர் 20, புதன்கிழமை. அன்று வங்கக் கடலில் புயல் எதுவும் இல்லை. ஆயினும் பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அம்மழையில் இராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கும், தங்கச்சிமடத்தில் 30 செ.மீ.க்கும் மேல் பதிவாயிற்று. வானிலைத் துறையினர் இதனை மேகவெடிப்பு என்றனர்.

ஆறே இல்லாத மணல் தீவில் வெள்ளமா என்று வியக்க வேண்டாம். ஒரு சென்ட் நிலத்தில் 30 செ.மீ. மழை பெய்தால் அது ஏறத்தாழ 12,000 லிட்டர் தண்ணீர். ஐந்து சென்ட் மனைக்கு 60,000 லிட்டர்! மணல் குடிக்கும், ஆனால் நிதானமாகத்தான் குடிக்கும். அதன்மேல் சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் போட்டு, பள்ளங்களில் வீடும் கட்டிக்கொண்ட பிறகு, தண்ணீர் வேறு எங்கே போகும்?

புயல் பல நாள் முன்னரே தன் வரவை அறிவிக்கும். இடிமேகமோ ஓரிரு மணி நேரத்தில் திரண்டுவிடும். எந்த ஊரில் கொட்டும் என்று முந்திய நாளே கூற இயலாது. ஆகவேதான் சென்னை வானிலை மையம், அடுத்த மூன்று மணி நேரத்திற்கு மட்டும் மாவட்டவாரியாக முன்னறிவிப்பு தருகிறது. கூண்டைப் பார்த்துப் பழகிய நாம் இந்தச் சிறு அறிவிப்பைப் பொருட்படுத்துவதில்லை. கைப்பேசியில் வந்தாலும், "மழைதானே" என்று விட்டுவிடுகிறோம். தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகு மின்சாரப் பெட்டியைத் தேடி ஓடுவது ஆபத்து. அறிவிப்பு வந்தவுடனேயே மெயின் சுவிட்சை அணைக்கும் ஆயத்தம் வேண்டும். தெருவில் தேங்கிய நீரில் மின்கம்பி அறுந்து கிடக்கலாம். பிள்ளைகளை அதில் விளையாட விடலாகாது. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

இடி இடிக்கையில் மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றி மாதாவை மன்றாடும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் திரியை வீட்டினுள் ஏற்றுங்கள், வீட்டாரையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. மழைக்கு ஒதுங்கப் பனையடியும் தென்னையடியும் மிகக் கெட்ட இடங்கள். ஓலைக் கொட்டகையும் மின்னலைத் தடுக்காது. அருகிலுள்ள தளவீட்டுக்குச் சென்றுவிட வேண்டும். பரந்த கடலில் படகின் கொடிமரமே உயர்ந்த பொருள் என்பதை நம் மீனவர்கள் நன்கறிவர். இயன்றவரை முன்னதாகக் கரை சேர்வதே வழி. இயலாதபோது கொடிமரத்தையும் இரும்புக் கம்பிகளையும் தொடாமல் தாழ அமர்ந்திருக்க வேண்டும்.

மின்னல் தாக்கி விழுந்தவரைத் தொட்டால் நமக்கும் பாயும் என்று அஞ்சி விலகி நிற்போர் இன்னும் உள்ளனர். அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொடலாம், மூச்சும் நாடியும் நின்றிருந்தால், 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளாலும் விடாமல் அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது.