முதல் ஊதியமும் வரி அட்டையும்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவி ஒருத்தி, கோடை விடுமுறையில் செய்த வேலைக்கான சம்பளத் துண்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். உழைத்த தொகையிற் சரிபாதி வரியாகக் கழிக்கப்பட்டிருந்தது. “சேர், என்ர காசில பாதியை எடுத்துப் போட்டினம்” என்று கண்கலங்கினாள். அவளை அழைத்துச் செல்ல வந்த தந்தையாரோ, இனித் தெரிந்தவர் ஒருவரிடம் கைக்காசுக்கு வேலை செய்யட்டும் என்றார். அவ்விருவருக்கும் அன்று கூறியவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

நான் ஊரில் ஆசிரியனாக இருந்தபோது அரச ஊழியரின் சம்பளத்திற்கு வருமான வரி இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டிலேயே அது அங்கு விதிக்கப்பட்டது. ஆகவே நோர்வேயில் வேலைக்குச் சேர்ந்த நாளில் நானும் இதுபற்றி ஏதும் அறியாதவனே.

இந்நாட்டில் ஊதியம் பெறும் ஒவ்வொருவருக்கும் வரி அட்டை வேண்டும். அது இல்லாதவிடத்து, நூற்றுக்கு ஐம்பது வீதம் கழிப்பது வேலை கொடுப்பவரின் கடமையாகும். மாணவிக்கு நேர்ந்தது இதுவே. குறைவாக உழைக்கும் மாணவருக்கு உரியது ‘ஃப்ரீகோர்ட்’ எனப்படும் விலக்கு அட்டை. அதன் எல்லை 2024இல் ஆண்டொன்றுக்கு 70,000 குரோணராக இருந்து, 2025இல் 100,000 குரோணராக உயர்த்தப்பட்டது. முதன்முறை வேலைக்குச் செல்வோர், வேலை தொடங்குமுன் வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதனைக் கேட்டுப் பெறவேண்டும்.

மூன்று விடயங்களை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, இவ்வெல்லை ஒரு வேலைக்கு மட்டும் உரியதன்று. தை முதல் மார்கழி வரை எல்லா இடங்களிலும் பெறும் ஊதியத்தின் மொத்தத்திற்கு உரியது. முந்திய ஆண்டின் உழைப்புக்காகக் கிடைக்கும் விடுமுறைப் பணமும் இதில் அடங்கும். கல்விக்கடன் நிதியம் வழங்கும் உதவிப்பணம் அடங்காது. இரண்டாவது, எல்லையைத் தாண்டுவோம் எனக் கண்டால் உடனே சாதாரண வரி அட்டைக்கு மாறவேண்டும். இல்லையேல் மேலதிக ஊதியத்திற் பாதி கழிக்கப்படும். மூன்றாவது, அடுத்த ஆண்டு பங்குனியில் வரும் வரி அறிக்கையைச் சித்திரை 30ஆந் திகதிக்குள் சரிபார்க்கவேண்டும். மிகையாகக் கழிக்கப்பட்ட பணம் கணக்குத் தீர்த்தபின் திரும்பக் கிடைக்கும்.

இனி, கைக்காசு பற்றி ஒரு வார்த்தை. இந்நாட்டில் 13 வயது நிறையும் ஆண்டு முதல், பதிவாகும் ஊதியத்தின் 18.1 வீதத்திற்குச் சமமான தொகை ஓய்வூதிய உரிமையாகச் சேர்கின்றது. விலக்கு அட்டையுடன் வரியின்றிப் பெறும் ஊதியத்திற்கும் அவ்வாறே. கைக்காசு எங்கும் பதியப்படுவதில்லை. வேலை கொடுப்பவர் சம்பளத்தை மறுத்தாலோ, வேலையிற் காயம் ஏற்பட்டாலோ, காட்டுவதற்குச் சம்பளத் துண்டும் இராது. வரியை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இல்லாத வரிக்காக உரிமைகளை இழப்பது எவ்வளவு பேதைமை!

அந்த மாணவியின் ஆண்டு வருமானம் எல்லைக்கு மிகவும் கீழேயே இருந்தது. கழிக்கப்பட்ட பணம் முழுவதும் மறு ஆண்டில் அவளது வங்கிக் கணக்கிற்கு மீண்டது. அதற்கு முன்னரே அவள் தன் விலக்கு அட்டையைப் பெற்றிருந்தாள். தந்தையாரும் பிறகு கைக்காசு பற்றிப் பேசவில்லை. தம் இளைய மகனுக்கு அட்டை எடுப்பது எவ்வாறு என்றே என்னிடம் கேட்டார்.

பெற்றோரே, பிள்ளையின் முதற் சம்பளத் துண்டை அவர்களோடு இருந்து ஒருமுறை வாசியுங்கள். அதுவும் ஒரு பாடமே.