விராலிமலைச் சலங்கை

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் சுமார் 30 கிலோ மீட்டர் போனால் விராலிமலை வரும். மயில்களுக்குப் பேர்போன ஊர். மலைமேல் வீற்றிருக்கும் முருகப் பெருமானுக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் வழக்கமும் அங்கே உண்டு. அதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிப்பதில்லை. அவ்வூருக்கு மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டென்பதை நம்மில் பலர் 2022-ஆம் வருஷத்தில்தான் அறிந்தோம். அவ்வருஷத்துப் பத்மஸ்ரீ ஜாபிதாவில் திருச்சி கிளாரினெட் வித்வான் ஸ்ரீ ஏ. கே. சி. நடராஜனின் பெயர் இருந்தது. அவரை நம் பக்கத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே ஜாபிதாவில் இருந்த ஸ்ரீமதி ஆர். முத்துக்கண்ணம்மாளைப் பற்றியோ விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விராலிமலைக் கோயிலில் தேவதாசிகளாகத் தொண்டு புரிந்த 32 பெண்மணிகளில் கடைசியாக எஞ்சியவர் இந்த அம்மையார். பரம்பரையில் ஏழாவது தலைமுறை. தகப்பனார் இராமச்சந்திரன் நட்டுவனார்தான் குரு. ஏழாவது வயதில் பொட்டுக் கட்டினார்கள். அதன்பின் தினந்தோறும் மலைப்படி ஏறிச் சந்நிதியில் ஆடுவதே அந்தச் சிறுமியின் கடமையாயிற்று.

அவர் ஆடியது சதிர். இன்றைய பரத நாட்டியக் கச்சேரியில் பாடுகிறவர் மேடையோரத்தில் உட்கார்ந்து பாடுவார். ஆடுகிறவர் வாயசைத்து அபிநயம் பிடிப்பார். முத்துக்கண்ணம்மாள் கற்ற முறையிலோ பாட்டும் ஆட்டமும் ஒருவருக்கே உரியவை. அரைமண்டியில் இருந்துகொண்டு, பாதம் முழுவதும் தரையில் பதியும்படி தட்டி, மூன்று காலத்திலும் அடவு செய்யும்போது மூச்சு என்ன பாடுபடும் என்பதை நேயர்கள் வீட்டில் ஒரு தரம் செய்து பார்த்தால் தெரியும். அந்த மூச்சிலேதான் சுருதி பிசகாமல் பாடவும் வேண்டும்!

காலையே தாள வாத்தியமாக்கும் கலை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அதற்கு டாப் நடனம் என்று பெயர். பில் ராபின்சன் என்ற கறுப்பினக் கலைஞர் அதில் சக்கரவர்த்தியாக விளங்கினார். 1878-இல் பிறந்து, தாய் தந்தையரை இளமையிலேயே இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். மரப் படிக்கட்டில் ஏறியும் இறங்கியும், படிக்கு ஒரு நாதம் எழும்படி ஆடுவதே அவருடைய தனி வித்தை. 1935-இல் சினிமாவில் ஷெர்லி டெம்பிள் என்னும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் படியேறி ஆடியது உலகப் பிரசித்தம். ஏராளமாகச் சம்பாதித்தவர், 1949-இல் காலமானபோது கையில் காசில்லை. நம் விராலிமலை அம்மையாருக்கோ, செலவழித்துத் தீர்க்க அப்படி ஒரு சம்பாத்தியமே வாய்க்கவில்லை.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய அன்னையாரும் இசை வேளாளர் குடும்பத்தவரே. விராலிமலையும் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நிறைவேறியது. 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானமும் மாகாணத்தோடு இணைந்தது. ஏழு வயதுக் குழந்தையின் வாழ்க்கையை அதைக் கேளாமலே மற்றவர்கள் நிச்சயிப்பது அக்கிரமம். சட்டம் நியாயமானது என்பதில் நமக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஆனால் கோயில் வாசலை மூடிய கை வேறெந்த வாசலையும் அவர்களுக்குத் திறந்து வைக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் வித்தை மட்டும் புதுப் பெயர் பூண்டு, 1936-இல் தோன்றிய கலாக்ஷேத்திரம் முதலிய இடங்களின் வழியே நம் போன்றோர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் இன்று மாலை நேரத்தில் தட்டுக்கழி ஓசை கேட்கிறது. அரங்கேற்றத்துக்காக லீவு கேட்டு வரும் பெற்றோர் கடிதங்களில் நாமே சந்தோஷமாகக் கையெழுத்திட்டிருக்கிறோம். கூடவே வரும் வழவழப்பான அழைப்பிதழ்களில் குரு வணக்கம் உண்டு, நடராஜர் படம் உண்டு. முப்பது கிலோ மீட்டர் தூரத்தில் இருந்த இந்த அம்மையாரின் பெயரை ஒன்றிலாவது நாம் கண்டதில்லை.

இத்தனைக்கும் விராலிமலைக் குறவஞ்சியும் நொண்டிச் சிந்தும் அவருடைய நினைவிலும் காலிலும் பத்திரமாக இருந்தன. நொண்டிச் சிந்து என்றால் ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்றொரு காலால் குதித்தபடியே பாடி ஆடுவது. வயசுப் பிள்ளைகளுக்கே முழங்கால் கெஞ்சும். வெகு காலம் கழித்து ஆராய்ச்சியாளர்களும் நர்த்தகிகளும் அவரைத் தேடிக்கொண்டு போனார்கள். சென்னை மேடைகளுக்கும் அழைத்து வந்தார்கள். பத்மஸ்ரீ அறிவித்தபோது, சட்டம் வந்து 74 வருஷம் ஆகியிருந்தது. அம்மையாருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அந்த முதிய பருவத்திலும் மேடை ஏறினால் அவருக்குப் பின்பாட்டு வேண்டியிருக்கவில்லை. தாமே பாடினார், தாமே ஆடினார்.