கிருமியை நினைவில் வைக்கும் உடல்

உடலில் நுழையும் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே இனங்கண்டு, அதற்கென்றே எதிர்ப்பை உருவாக்கி, நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பது தகவமை நோயெதிர்ப்பு மண்டலம். தோல், சளிச்சவ்வு, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் ஆகியவை பிறவியிலேயே அமைந்த முதல் காவல். அதைத் தாண்டி வரும் கிருமியைத் தகவமை மண்டலம் எதிர்கொள்கிறது.

டி செல்லும் பி செல்லும்

இந்த மண்டலத்தின் வேலையை இரண்டு வகை வெள்ளணுக்கள் செய்கின்றன. இரண்டும் எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. பி செல்கள் பெரும்பாலும் அங்கேயே முதிர்கின்றன. டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிர்கின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை தைமஸிலேயே அழிக்கப்படுகின்றன.

உடல் இதுவரை கண்டிராத கிருமிக்கும் பொருந்தும் ஏற்பி, ஏதோ ஒரு செல்லின் மேற்பரப்பில் முன்கூட்டியே இருப்பதுதான் பெரிய வியப்பு. மரபணுத் துண்டுகள் செல்லுக்குச் செல் வெவ்வேறு விதமாகக் கோக்கப்படுவதால் இது நேர்கிறது. பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்களின் பன்மைக்கு இதுவே காரணம் எனக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார்.

நெறி கட்டுவது ஏன்?

கிருமி புகுந்ததும் அதன் புரதத் துணுக்குகளை டென்ட்ரைட்டிக் செல்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு ஏந்திச் செல்கின்றன. துணுக்குக்குப் பொருந்தும் டி செல் அங்கே தூண்டப்பட்டுப் பல்லாயிரமாகப் பெருகுகிறது. தொண்டைப்புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுவதற்கு இந்தப் பெருக்கம் முக்கியக் காரணம். கொல்லி டி செல்கள் வைரஸ் புகுந்த செல்களை அழிக்கின்றன. பி செல்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. இரண்டையும் முடுக்கிவிடுபவை உதவி டி செல்கள், எச்.ஐ.வி. அழிப்பது இவற்றைத்தான்.

முதல் தடவை இதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நோய் முற்றுவது அந்த இடைவெளியில்.

65 ஆண்டு நினைவு

போர் முடிந்தபின் பெரும்பாலான செல்கள் மடிய, சில நினைவு செல்களாகத் தங்குகின்றன. அதே கிருமி மீண்டும் வந்தால், ஓரிரு நாளிலேயே எதிர்ப்பு வலுப்பெறுகிறது. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி, சுமார் 7,800 பேரில் ஏறத்தாழ 6,000 பேரைத் தாக்கியது. அங்கே ஆய்வு செய்த டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், 1781-இல் அம்மை கண்டிருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை என்று பதிவு செய்தார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் தீவுகளில் தட்டம்மையே இருக்கவில்லை.

நினைவை அழிக்கும் நோய்

தட்டம்மை வந்தால் ஆயுளுக்கும் எதிர்ப்பு கிடைக்கிறதே, தடுப்பூசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்தான கேள்வி அது. தட்டம்மை வைரஸ் நினைவு செல்களையே தாக்குகிறது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பின் மறைந்திருந்தன. தடுப்பூசி இந்த இழப்பில்லாமல் தட்டம்மையின் நினைவை மட்டும் தருகிறது.

இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் நிறைந்ததும் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறு தவணையும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகிறது. தவணை தவறிய குழந்தைகளுக்கு 5 வயதுக்குள் போட்டுவிடலாம். பெற்றோர் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பார்க்க வேண்டும்.