உங்களுக்குத் தெரியுமா? பாம்பு நாக்கு அல்ல, சுறாவின் பல்!

மால்டா தீவுப் பாறைகளில் கிடைத்த முக்கோணக் கற்களை, கல்லாய்ச் சமைந்த பாம்பு நாக்குகள் என்றே ஐரோப்பியர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். நஞ்சை முறிக்கும் என்று தேடிப் பொறுக்கித் தாயத்தாக அணிந்தார்கள். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே மீனவர்களிடம் ஒரு பெருஞ்சுறா சிக்கியது. அதன் தலையை அறுத்து ஆராய்ந்த உடற்கூறியல் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ, அந்தக் கற்கள் சுறாப் பற்களே என்று மறுவருடம் எழுதினார். கடல் மீனின் பல் பாறைக்குள் போனது எப்படி? எவ்வளவு அருமையான கேள்வி! அதைத் துரத்தியே, பாறை அடுக்குகளில் கீழே இருப்பதுதான் மூத்தது என்ற விதியை 1669-இல் வகுத்தார்.

சுறாவின் குருத்தெலும்பு எளிதில் மட்கிவிடும். வாழ்நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் உதிரும் பற்களே மிஞ்சும். டைனோசர் காலத்துச் சுறாப் பற்கள் பெரம்பலூர் மாவட்டம் காரையிலும் கிடைத்திருக்கின்றன.