டிரஸ்ட் என்ற சொல்லும் ராக்ஃபெல்லர் செல்வமும்

இன்றைய பெரும்பணக்காரர் பட்டியலின் முன்வரிசையில் ராக்ஃபெல்லர் பெயர் ஏன் இல்லை, அக்குடும்பம் மறைந்திருந்து உலகை ஆள்வதாகப் பரவும் செய்தி உண்மையா என்ற இரு கேள்விகளும் பார்வையாளர்களால் ஓயாமல் கேட்கப்பட்டுவருகின்றன. இரண்டுக்குமான விடை டிரஸ்ட் என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இச்சொல் அறக்கட்டளையையே நினைவூட்டுவதால், டிரஸ்டுகளை ஒடுக்க அமெரிக்கா சட்டம் இயற்றியது என்றவுடன் அறத்தை ஏன் ஒடுக்க வேண்டும் என்ற குழப்பம் நேர்கிறது.

1870இல் கிளீவ்லாந்தில் ஜான் டி. ராக்ஃபெல்லர் நிறுவிய ஸ்டாண்டர்டு ஆயில், பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைக் கைக்கொண்டது. பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த நிறுவனங்களை ஒரே பிடிக்குள் கொண்டுவருவதற்காக, 1882இல் அவற்றின் பங்குகள் யாவும் ஒன்பது பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன; பங்குதாரர்களுக்கு ஈடாகச் சான்றிதழ்கள் கிடைத்தன. பயன் ஒருவருக்கு, ஆளும் அதிகாரம் வேறொருவருக்கு என்று பிரித்து எழுதும் இந்த ஏற்பாடே டிரஸ்ட் ஆகும்.

இத்தகைய டிரஸ்டுகளை ஒடுக்க 1890இல் ஷெர்மன் சட்டம் வந்தது. அதன்படி 1911இல் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 நிறுவனங்களாக உடைத்தது. ராக்ஃபெல்லர் அதனால் ஏழையாகவில்லை. உடைந்த ஒவ்வொரு துண்டிலும் பழைய பங்குதாரர்களுக்குப் பங்கு கிடைத்து, அவற்றின் விலை ஏறியதால், அவருடைய செல்வம் முன்பைவிடப் பெருகியது. எண்ணெய்யைவிட ஆவணத்துக்கே ஆயுள் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1913இல் உருவான ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் பொறுப்பாளர்களின் கையில் விடப்பட்ட செல்வமே. தேசிய அளவிலான உரிமப் பத்திரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் தர மறுத்ததால், நியூயார்க் மாநிலத்தில் அது பதிவானது. அந்த மறுப்பு பொறாமையால் எழுந்ததன்று என்பதை அடுத்து நடந்தது காட்டியது. மறு ஆண்டு ஏப்ரலில், இக்குடும்பத்தின் பிடியிலிருந்த கொலராடோ நிலக்கரி நிறுவனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் லட்லோ கூடார முகாம் தாக்கப்பட்டு எரிந்தபோது, ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டனர். கொடையைப் பேசும் எந்த வரலாறும் அந்தக் குழியைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

அக்கொடை போலியானது என்றும் சொல்லிவிட முடியாது. கால்வழியே உடலுக்குள் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்க, 1909இல் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் அளித்தார். அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஏழை உழவர்களுக்கு மருந்தாகத் தரப்பட்ட தைமால், தமிழர் சமையலறையின் ஓமத்துக்கு மணம் தரும் அதே பொருள்தான். அப்பணி பின்னர் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்து, வெறுங்காலுடன் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களைத் தொட்டது. அவர்களுக்குச் செருப்பும் கழிப்பறையும் தரவேண்டிய தோட்ட முதலாளிகள் அக்கடமையில் எவ்வளவு பின்தங்கினர் என்பது தனியாகவே ஆராயத்தக்கது.

நேரம் முடியப்போவதால் விடைகள் சுருக்கமாக: 1934இல் ராக்ஃபெல்லரின் மகன் தம் மனைவி மக்களுக்கும், 1952இல் பேரப்பிள்ளைகளுக்கும் டிரஸ்டுகளை ஏற்படுத்தினார்; செல்வம் தலைமுறைதோறும் பலருக்குப் பிரிந்ததால் பட்டியலின் உச்சிக்கு எவரும் வருவதில்லை. மறைந்திருந்து உலகை ஆள்வதாகப் பரவும் செய்திக்கும் அடிப்படையில்லை: ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தனி அமைப்பு. அதன் பணம் குடும்பச் சொத்தாகாது. எக்ஸான்மொபில், செவ்ரான் ஆகியவை 1911இல் உடைந்த துண்டுகளின் வழிவந்தவை என்றாலும், அவற்றின் பங்குகள் இன்று பங்குச்சந்தையில் எவரும் வாங்கக்கூடியவை. ராக்ஃபெல்லர் சகோதரர்கள் 1940இல் தொடங்கிய மற்றொரு நிதியமோ, நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளிலிருந்து விலகுவதாக 2014இல் அறிவித்துவிட்டது.