போளை அடைத்த சோடாப் போத்தல்

கழுத்துக்குள் கண்ணாடிப் போளை கிடந்து உருளும் சோடாப் போத்தலைக் கண்டவர்கள் உங்களிலும் இருக்கக்கூடும். போத்தலின் வாயைவிடப் பெரிய போளை உள்ளே போனது எப்படி? போத்தலைச் செய்யும்போதே போளையைப் போட்டுவிட்டு, பிறகுதான் வாயை ஒடுக்கி முடிப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் கொட். 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் சோடாவைத் தக்கையால் அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கும், வாயு வெளியேறிவிடும். பிறகு அந்தச் சோடாவை யார் வாங்குவார்? தக்கை ஈரமாகவே இருக்கட்டும் என்று, நிமிர்த்தி வைக்கவே முடியாத முட்டை வடிவப் போத்தல்களைக்கூடச் செய்தார்கள்.

கொட்டின் போத்தலில் வாயின் உட்புறம் ஓர் இறப்பர் வளையம் உண்டு. சோடாவை நிரப்பியதும் போத்தலைத் தலைகீழாகத் திருப்புவார்கள். போளை வளையத்தில் வந்து அமரும். உள்ளே இருக்கும் காபனீரொட்சைட்டு வாயுவின் அமுக்கம் அதை இறுக்கிப் பிடிக்கும். நிமிர்த்தினாலும் விழாது. உள்ளமுக்கமே கதவைப் பூட்டுகிறது. சைக்கிள் ரியூப்பின் பழைய வால்வில் சிறு இறப்பர்க் குழாயை உள்ளிருக்கும் காற்று அழுத்தி மூடுவதும் இதே முறையில்தான்.

குடிக்க வேண்டுமானால் போளையை விரலாலோ மரக்கட்டையாலோ உள்ளே தள்ள வேண்டும். கழுத்து ஒடுங்கியிருப்பதால் போளை அடிக்குப் போகாது. கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு. அந்தப் பக்கத்தைக் கீழாக வைத்துச் சரித்தால் போளை அங்கே தங்கும். மறுபக்கமாகச் சரித்தாலோ அது ஓடிவந்து வாயை அடைத்துவிடும். எமக்கு மிகவும் பிடித்தது இந்தப் பள்ளங்கள்தான். குடிப்பவரின் தொல்லையையும் அந்த மனிதர் யோசித்திருக்கிறார்.

பிள்ளைகளைத்தான் அவர் யோசிக்கவில்லை. போளைக்காகவே போத்தல்களை உடைத்தார்கள்! திருப்பி வாங்கி, கழுவி, மீண்டும் நிரப்ப வேண்டிய போத்தல்கள் அவை. உடைந்த ஒவ்வொன்றும் சோடாக்காரனுக்கு நட்டம். ஒடுங்கிய கழுத்தைக் கழுவுவதும் இலேசான வேலையல்ல.

கொட் 1887இல் காலமானார். ஐந்து வருடங்களின் பின், 1892இல், அமெரிக்காவின் வில்லியம் பெயின்ரர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். ஒருமுறை அடித்து, ஒருமுறை திறந்து, எறிந்துவிடும் மூடி அது. மலிவான அந்த மூடியோடு போளைப் போத்தலால் போட்டியிட முடியவில்லை. இங்கிலாந்தில் அது மெல்ல மறைந்தது.

இந்தியாவில் கோலி சோடா இன்றும் விற்கப்படுகிறது. யப்பானில் இதன் பெயர் ‘ராமுனே’. ‘லெமனேட்’ என்ற சொல்லே அங்கு அப்படித் திரிந்தது. அங்கே போளையைத் தள்ளுவதற்கு ஒரு சிறு பிளாஸ்ரிக் கட்டையும் போத்தலோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். தள்ளியதும் கையை எடுத்துவிடக் கூடாது. சில விநாடிகள் அழுத்திப் பிடிக்காவிட்டால் சோடா பொங்கிச் சட்டையெல்லாம் நனைந்துவிடும்.