பொம்மை பிடிக்கும் பெட்டி

பெருநாள் விடுமுறையில் உழவர்கரையிலிருந்து பிள்ளைகளைப் புதுவையின் ஒரு கடைவளாகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். விளையாட்டுக் கூடத்தின் வாயிலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. உள்ளே டோரேமான், பிகாச்சு பொம்மைகள் குவிந்து கிடந்தன. மேலே மூன்று விரல்களுடன் ஓர் இரும்புக் கொக்கி. “அத்தா, இன்னும் ஒரே ஒரு தடவை!” என்று இளைய மகள் கெஞ்ச, ஆறு முறை பணம் கட்டினேன். ஒவ்வொரு முறையும் பொம்மை பாதி உயரம் வந்து நழுவி விழுந்தது.

ஜப்பானின் சேகா நிறுவனம் 1985இல் ‘யூஎஃப்ஓ கேட்சர்’ என்னும் பெயரில் இத்தகைய பெட்டியை வெளியிட்டது. தொலைக்காட்சியில் பிள்ளைகள் நேசிக்கும் பாத்திரங்களே இதன் தூண்டில். கொக்கி எவ்வளவு இறுகப் பிடிக்க வேண்டும் என்பதை நடத்துபவரே அமைத்துக்கொள்ளலாம். இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறைதான் முழுப் பிடி என வைக்கக்கூடிய பெட்டிகளும் உண்டு. மகளின் கைத்திறனுக்கு அங்கே என்ன வேலை?

ராட்டினத்துக்குக் கட்டணம் கொடுத்தால் ராட்டினம் சுற்றுகிறோம். இங்கோ கொடுப்பது நிச்சயம், கிடைப்பது ஐயம். மைசிர் எனும் சூதை மதுவோடு சேர்த்து விலக்குகிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம். இந்தோனேசியாவின் புர்வொரெஜோ மாவட்ட நஹ்தத்துல் உலமா, 2022இல் இப்பெட்டியை ஹராம் என்றே அறிவித்தது. சிங்கப்பூர் அரசு தடை செய்யவில்லை. பரிசின் மதிப்பு 100 வெள்ளியைத் தாண்டலாகாது என வரையறுத்திருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் அதே பொம்மையை வாங்கினேன். ஆறு ஆட்டத்துக்குக் கட்டிய பணத்தைவிட விலை குறைவு. மகள் அதை அணைத்துக்கொண்டாள். ஆனால் வீடு வரும்வரை பேசியதெல்லாம் அந்தக் கொக்கியைப் பற்றித்தான்.